பரண்மேல் ஏறும் மட்டைகள்

(பத்தாம் வகுப்பு மாணவி)

ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்வு முடிந்து கோடை விடுமுறை தொடங்கியதும், நம் ஊரில் பல வீடுகளில் ஒரு காரியம் தவறாமல் நடக்கிறது. பெண் பிள்ளையின் இறகுப்பந்து மட்டை உறைக்குள் போடப்பட்டுப் பரண்மேல் ஏறிவிடுகிறது. "பப்ளிக் பரீட்சை முடியட்டும் கண்ணு, எடுத்துத் தர்றேன்" என்கிறார் அப்பா. பத்து முடிந்தால் பதினொன்று. அப்புறம் பன்னிரண்டு. அப்புறம் நீட் பயிற்சி. அதற்குள் மட்டையின் நரம்பு தளர்ந்து, கைப்பிடி நைந்து, எலி கடித்து, அது எதற்கும் ஆகாத பொருளாகிவிடும். தம்பியின் கிரிக்கெட் மட்டை மட்டும் பரண் ஏறுவதே இல்லை. அவன் பத்தாம் வகுப்பு படித்தாலும் அது கதவு மூலையில் சாய்ந்தபடியே நிற்கும்.

இது நியாயந்தானா என்று கேட்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். சிறுமி ஒருத்தி ஆத்திரத்தில் கேட்கிறாள் என்று பெரியவர்கள் எண்ணிவிடக் கூடாது. ஆகவே ஒரு சாட்சியையும் உடன் அழைத்து வந்திருக்கிறேன். அவர் பெயர் துளசிமதி முருகேசன். அக்கா என்றே அழைக்க என் மனம் விரும்புகிறது.

துளசிமதி அக்கா காஞ்சிபுரத்தைச் சேர்ந்தவர். 2002-ஆம் ஆண்டு பிறந்தவர். பிறவியிலேயே இடது கையில் குறை உடையவர். தந்தையிடமே இறகுப்பந்து பயின்றார். சகோதரியும் உடன் ஆடினார். 2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய பாரா விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. அதில் பெண்கள் ஒற்றையர் எஸ்.யு.5 பிரிவின் இறுதி ஆட்டத்தில் சீனாவின் யாங் சியூசியாவை, அவருடைய சொந்த நாட்டு மண்ணிலேயே, 21-19, 21-19 என்று வென்று தங்கம் பெற்றார். அந்த யாங் சாமானியர் அல்லர். 2021-இல் நடந்த டோக்கியோ பாராலிம்பிக்கில் தங்கம் வென்றவர். அடுத்த ஆண்டே, 2024 செப்டம்பர் 2-ஆம் நாள், பாரிஸ் பாராலிம்பிக் இறுதி ஆட்டத்தில் இருவரும் மறுபடி மோதினர். இம்முறை யாங் 21-17, 21-10 என்று வென்றார். நம் அக்காவுக்கு வெள்ளி. பாராலிம்பிக் இறகுப்பந்தில் அதற்கு முன் எந்த இந்தியப் பெண்ணும் வெள்ளி வென்றதில்லை.

எஸ்.யு.5 என்றால் என்ன என்று என் தோழிகள் கேட்டார்கள். கையில் குறை உடையவர்கள் நின்று ஆடும் பிரிவு அது. ஆடுகளத்தில் எந்தச் சலுகையும் கிடையாது. மற்றவர்கள் ஆடும் அதே முழு நீளக் களம், அதே உயர வலை. "மட்டை பிடிக்கும் கை நன்றாக இருக்கிறதே, இடது கைதானே சரியில்லை, அதனால் என்ன குறைந்துவிடும்?" என்று ஒருத்தி கேட்டாள். மட்டை பிடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் விடை தெரியும். சர்வீஸ் போடும்போது பந்தைப் பிடிப்பது மட்டை பிடிக்காத கைதான். தலைக்கு மேல் வரும் பந்தை ஸ்மாஷ் அடிக்கத் துள்ளும்போது, அந்தக் கை மேலே உயர்ந்து உடம்புக்கு நிதானம் தருகிறது. பின்னால் ஓடித் திரும்பும்போது தராசின் மற்றொரு தட்டாக இருப்பதும் அதுதான். நம்பிக்கை இல்லாதவர்கள் இடது கையை முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் ஆடிப் பார்க்கலாம். நானும் என் வகுப்புத் தோழியரும் ஆடிப் பார்த்தோம். இரண்டாவது நிமிடத்திலேயே ஒருத்தி கீழே விழுந்தாள், மற்றவர்கள் சிரித்தே களைத்தோம்.

இறுதி ஆட்டத்தைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கோ அதற்கு முந்தைய நாள் நடந்த அரையிறுதிதான் கண்ணுக்குள் நிற்கிறது. செப்டம்பர் 1-ஆம் நாள் துளசிமதியை எதிர்த்து வலையின் அந்தப் பக்கம் நின்றவர் வேறு யாருமல்லர், திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த மனிஷா ராமதாஸ். பிறக்கும்போதே நரம்பு பாதிக்கப்பட்டு ஒரு கையில் வலுக் குறைந்தவர். 2022-இல் டோக்கியோவில் நடந்த உலகப் போட்டியில் இதே பிரிவில் தங்கம் வென்றவர். அந்த ஆண்டின் சிறந்த பாரா இறகுப்பந்து வீராங்கனை என்று உலக இறகுப்பந்துக் கழகம் அவரைத் தேர்ந்தெடுத்தது. பாரிஸ் நகரத்து அரங்கில் பாராலிம்பிக் அரையிறுதி, களத்தில் இரண்டு தமிழ்ப் பெண்கள்! நமக்கெல்லாம் பெருமைதான். அவர்கள் இருவருக்கும் அது எவ்வளவு சங்கடமான நாளாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தோமா? யார் வென்றாலும் எதிரே நிற்பவள் நம்மவள். முதல் ஆட்டம் 23-21. இருபதுக்கு இருபது என்று சமமாகி, அதற்கு மேலும் இழுத்த ஆட்டம் அது. இரண்டாவது 21-17. துளசிமதி இறுதிக்குப் போனார். மனிஷா தோல்வியோடு முடங்கிவிடவில்லை. மறுநாளே வந்து டென்மார்க்கின் காத்ரின் ரோசன்கிரனை 21-12, 21-8 என்று வென்று வெண்கலத்தை எடுத்துக்கொண்டார்.

அதே நாளில் ஓசூரைச் சேர்ந்த நித்ய ஸ்ரீ சிவன், உயரம் குறைந்தோருக்கான எஸ்.எச்.6 பிரிவில், இந்தோனேசியாவின் ரினா மார்லினாவை 21-14, 21-6 என்று தோற்கடித்து மற்றொரு வெண்கலம் வென்றார். பாரிஸில் இறகுப்பந்தில் இந்தியா பெற்ற பதக்கங்கள் மொத்தம் ஐந்து. அவற்றில் மூன்று தமிழ்நாட்டுப் பெண்கள் ஒற்றையர் ஆட்டத்தில் வென்றவை. இவர்களுக்கு முன்பே 2022 மே மாதம் பிரேசில் நாட்டில் நடந்த செவித்திறன் குறைந்தோர் ஒலிம்பிக்கில் மதுரை ஜெர்லின் அனிகா இறகுப்பந்தில் மூன்று தங்கம் வென்று வந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இத்தனை பேரை வைத்துக்கொண்டும், "பொட்டப்புள்ளைக்கு எதுக்குச் சாமி பந்தாட்டம்?" என்று நம் ஊரில் இன்னும் கேட்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இங்கே மற்றொரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். இவர்களைப் புகழ்பவர்கள் புகழும் விதமே எனக்குப் பிடிப்பதில்லை. ஒரு விழா மேடையில் பேச்சாளர் ஒருவர் எங்களைப் பார்த்து, "ஒரு கை சரியில்லாத பெண்ணே பதக்கம் வாங்குகிறாள், இரண்டு கையும் நன்றாக இருக்கிற உங்களுக்கு என்ன கேடு?" என்று முழங்கினார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. இது புகழ்ச்சியா, வசையா? அந்தப் பெண்ணின் குறையைச் சாட்டையாக்கி மற்றப் பிள்ளைகளை அடிப்பதற்கா அவர் அத்தனை காலம் பயிற்சி செய்தார்? நம் கூட்டத்திலேயே கை கால் குறையுள்ள மாணவி ஒருத்தி அமர்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் அவள் மனம் என்ன பாடுபடும்? கிரிக்கெட் வீரர் ஒருவர் தோற்றால், எந்தப் பந்தை எப்படி அடித்திருக்க வேண்டும் என்று டீக்கடையில் மணிக்கணக்கில் வாதம் செய்கிறோம். துளசிமதி தோற்ற இறுதி ஆட்டத்தைப் பற்றி அப்படி யாராவது பேசினார்களா? முதல் ஆட்டத்தில் பதினேழு புள்ளி வரை போராடியவர் இரண்டாவதில் பத்தோடு நின்றது ஏன்? ஹாங்சோவில் இரண்டு இரண்டு புள்ளியில் தோற்ற யாங், பதினோரு மாதத்தில் எதை மாற்றிக்கொண்டு வந்தார்? இவையல்லவா கேட்க வேண்டிய கேள்விகள்! ஆட்டக்காரியை ஆட்டக்காரியாகப் பார்ப்பதே உண்மையான மரியாதை. "ஐயோ பாவம், ஆனாலும் சாதித்தாள்" என்பதில் மரியாதையைவிட இரக்கமே மிகுதி.

'தன்னம்பிக்கையால் வென்றார்' என்று எழுதி முடித்துவிடுவதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. தன்னம்பிக்கை வேண்டும்தான், யார் இல்லை என்றார்கள்? துளசிமதிக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு தந்தை இருந்தார். அவர் தம் மகளின் மட்டையைப் பரண்மேல் ஏற்றவில்லை. அதையும் சேர்த்து எழுதினால்தான் கதை முழுமை பெறும்.

தாய்லாந்து நாட்டு வீராங்கனை ரட்சனோக் இந்தனோனின் கதையும் இதுதான். அவருடைய பெற்றோர் பாங்காக் பக்கத்தில் ஓர் இனிப்புத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள். குழந்தை கொதிக்கும் பாத்திரங்களுக்கு இடையே ஓடித் திரிவதைக் கண்டு பயந்த முதலாளியம்மாள், அவளை இறகுப்பந்து ஆடும் இடத்துக்கு அனுப்பி வைத்தார். அங்கே பிடித்த மட்டையை அவள் விடவே இல்லை. 2009, 2010, 2011 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உலக இளையோர் சாம்பியன். 2013-இல் பதினெட்டே வயதில், சீனாவின் குவாங்சோ நகரில், அதற்கு முந்தைய ஆண்டுதான் லண்டன் ஒலிம்பிக் தங்கம் வென்றிருந்த லி சூயருய்யைத் தோற்கடித்து உலகச் சாம்பியன் ஆனார். ஒற்றையரில் அவ்வளவு இளம் வயதில் அந்தப் பட்டத்தை அதற்குமுன் யாரும் வென்றதில்லை. 2016 ஏப்ரலில் உலகத் தரவரிசையில் முதலிடம். அவர் பயின்ற பயிற்சிப் பள்ளியின் பெயரே ஓர் இனிப்பின் பெயரில் அமைந்தது. முட்டையின் மஞ்சள் கருவில் செய்யும் இனிப்பாம் அது! (நாமக்கல்காரர்கள் கேட்டால் மகிழ்வார்கள்.) தொழிலாளி வீட்டுக் குழந்தைக்கு ஒரு கூரையும் ஒரு வலையும் ஒரு பயிற்சியாளரும் கிடைத்தன. அவை கிடைக்காமல் போயிருந்தால் அந்தத் தன்னம்பிக்கை என்ன செய்திருக்கும்? அதே தொழிற்சாலையில் பாகு கிண்டிக்கொண்டிருக்கும்.

நாமக்கல் என்றதும் நினைவுக்கு வருகிறது. "விளையாட்டு விளையாட்டு என்று போனால் படிப்பு என்னாவது?" என்று கேட்கும் பெற்றோருக்கான பதில் அங்கேதான் இருக்கிறது. துளசிமதி வெறும் ஆட்டக்காரி மட்டுமல்லர். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டேதான் ஹாங்சோவிலும் பாரிஸிலும் பதக்கம் வென்றார். தாராபுரத்தில் பஸ் ஏறினால் கரூர் வழியாக நாமக்கல், எட்டாத தூரமா? கால்நடை மருத்துவப் படிப்பு ஐந்தரை ஆண்டு. அதில் இடம் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதைக் காங்கேயம் காளைக்கும் எருமைக்கும் பேர்போன நம் பகுதியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மாட்டு டாக்டர் தோட்டத்துக்கு வந்தால் நாற்காலி எடுத்துப் போட்டு மோர் கொடுக்கிறோம். அப்படிப்பட்ட படிப்பைப் படித்துக்கொண்டே ஒரு பெண் உலக மேடையில் நின்றிருக்கிறார். எல்லாராலும் அது முடியாது என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் யாரும் பாரிஸுக்கு டிக்கெட் கேட்கவில்லையே! மாலையில் ஒரு மணி நேரம் ஆடிவிட்டு வந்தால் அல்ஜீப்ரா மறந்துபோகும் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த ஒரு மணி நேரத்தை ஆட்டத்திலிருந்து பிடுங்கி எங்களுக்குத் தந்தால், அதில் பாதி தொலைக்காட்சிக்கும் மீதி செல்போனுக்கும் போகிறது என்ற உண்மை அம்மாக்களுக்குத் தெரியாதா என்ன?

பல பள்ளிகளில் பத்தாம் வகுப்புக்கு விளையாட்டுப் பாடவேளை அட்டவணையில் மட்டுமே இருக்கும். மணி அடித்ததும் கணக்கு டீச்சரோ அறிவியல் டீச்சரோ உள்ளே வந்துவிடுவார்கள். அவர்கள் எங்கள் நன்மைக்காகவே வருகிறார்கள் என்பதை அறிவோம். ஆனால் வாரத்துக்கு இரண்டே இரண்டு பாடவேளை! அதை விட்டுக் கொடுத்தால் என்ன என்று பணிவோடு கேட்கிறேன்.

படிப்பைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. அதை யாரும் எழுத்தில் சொல்வதில்லை, வீட்டில் சொல்வார்கள். எங்கள் அம்மாயி வெளிப்படையாகவே சொல்லிவிடுவார்: "வெய்யில்ல ஆடிக் கறுத்துப் போயிட்டா நாளைக்கு யாரு வந்து பொண்ணு கேப்பாங்க?" அம்மாயியின் மேல் எனக்குக் கோபமில்லை. அவருடைய காலத்தில் அதுவே கவலை. ஆனால் தோட்டத்தில் வெங்காயம் அறுக்கும்போதும் கடலை பறிக்கும்போதும் இதே வெயில்தானே அடித்தது? அப்போது கறுப்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே. உழைப்புக்கு வெயில் ஆகும், விளையாட்டுக்கு மட்டும் ஆகாதா? இதை நான் கேட்டபோது அம்மாயி, "வாயி மட்டும் நல்லா நீளுது" என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பையைத் தேட ஆரம்பித்தார்.

வெயில் பிரச்சினைக்கே இடமில்லாத ஆட்டம் இறகுப்பந்து என்பதுதான் இதில் வேடிக்கை. அதை வெளியில் ஆட முடியாது. நாம் பள்ளி மைதானத்தில் ஆடும் பூப்பந்து வேறு, அது கம்பளிப் பந்து. காற்றடித்தாலும் தாக்குப்பிடிக்கும். இறகுப்பந்தில் பதினாறு இறகுகள், எடை ஏறத்தாழ ஐந்து கிராம். நம் ஊரோ பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக வந்து மோதுகிற ஊர். தாராபுரத்தைச் சுற்றி எந்தச் சாலையில் போனாலும் காற்றாலைகள் சுழல்வதைக் காணலாம். ஆனி, ஆடியில் துணி காயப்போட்டால் கொடியோடு பறக்கிறது. அந்தக் காற்றில் ஐந்து கிராம் பந்தை எங்கே அடிப்பது? வலைக்கு அந்தப் பக்கம் அடித்தால் அடுத்த தெருவில் போய்த்தான் எடுக்க வேண்டும். ஆகையால் நம் ஊர்ப் பெண்ணுக்கு இறகுப்பந்து வேண்டுமானால் முதலில் வேண்டியது ஒரு கூரை.

பாரிஸில் வென்று திரும்பியதும் தமிழக அரசு துளசிமதிக்கு இரண்டு கோடி ரூபாயும், மனிஷாவுக்கும் நித்ய ஸ்ரீக்கும் ஒவ்வொரு கோடியும் பரிசு வழங்கியது. மூவருக்கும் அர்ஜுனா விருதும் கிடைத்தது. மிகவும் நல்ல காரியம். அது வென்றவர்களுக்கு. இன்னும் மட்டையைச் சரியாகப் பிடிக்கவே தெரியாத ஏழாம் வகுப்புச் சிறுமிக்குக் கோடி வேண்டாம், கூரையுள்ள இடம் கிடைத்தால் போதும். பல ஊர்களில் உள்ளரங்குகள் மணிக்கு இவ்வளவு என்று கட்டணத்துக்குத்தான் கிடைக்கின்றன. காலையிலும் மாலையிலும் பெரியவர்கள் தொப்பை குறைக்க வந்து இடத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு நடுவே தனியாகப் போய் ஆட எந்த வீட்டில் பெண்ணை விடுவார்கள்?

எனக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. தோழிகளிடம் சொன்னபோது சிரித்தார்கள், ஆனாலும் எழுதுகிறேன். கொங்கு நாட்டில் எதற்குப் பஞ்சம் இருந்தாலும் கல்யாண மண்டபத்துக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொன்றும் உயர்ந்த கூரையும் வழவழப்பான தரையும் குழல் விளக்குகளுமாக நிற்கிறது. முகூர்த்த நாள் தவிர மற்ற நாளெல்லாம் பூட்டுத்தான். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே கிடையாது. காற்று மிகவும் பலமாக அடிக்கும் அந்த ஆடி மாதத்தில்தான் மண்டபங்கள் காலியாகக் கிடக்கின்றன! நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு, இரண்டு கம்பத்துக்கு நடுவே ஒரு வலையைக் கட்டினால் ஆடுகளம் தயார். சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரை பெண் பிள்ளைகளுக்கென்றே திறந்து விடலாம். அம்மாக்கள் மேடையில் அமர்ந்து பேசிக்கொண்டே காவல் இருக்கலாம். விளக்குக் கட்டணத்துக்கு ஆளுக்குப் பத்து ரூபாய் நாங்களே சேர்த்துத் தருவோம். தரை வழுக்கும் என்று பயந்தால் ரப்பர் அடி வைத்த காலணியும் நாங்களே வாங்கிக்கொள்வோம்.

மண்டபக்காரர்கள் இணங்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். பள்ளிகளில் ஆண்டு விழா நடக்கும் பெரிய கூடங்கள் இருக்கின்றன. மாலை நாலே கால் மணிக்குமேல் அவற்றில் புறாக்கள் மட்டுமே ஆடிக்கொண்டிருக்கின்றன. அருட்சகோதரிகளும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாரும் மனம் வைத்தால் வலைக்கும் கம்பத்துக்குமான செலவைத் தவிர வேறு செலவில்லை. கிராமங்களிலிருந்து வரும் தோழியருக்கு ஆறு மணி பஸ்ஸில் போக வீட்டில் அனுமதி வேண்டும், அதை அப்பாக்கள்தான் தர வேண்டும். அந்தக் கூடத்தில் ஒரு கை வலுக் குறைந்த சிறுமியும் வந்து ஆட இடம் வேண்டும். அவள் ஆடும்போது யாரும் ஐயோ பாவம் என்று சொல்லக் கூடாது. புள்ளியை மட்டும் எண்ணினால் போதும்.